பத்து இலட்சத்துக்கு ஏழு மில்லிமீற்றர் குறைவு

நேற்றுப் பின்னேரம் என் கொம்பியூட்டர்ப் பெட்டியின், அதாவது கேசிங்கின், கண்ணாடிக் கதவு மூடியது. மேல் மூலையைப் பெருவிரலால் அழுத்தினேன், 'டக்' என்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்காக முப்பத்தாறு நாள் பொறுத்திருந்தேன். புதுக் கொம்பியூட்டர் ஓடத் தொடங்கி ஒரு மாதம் தாண்டிவிட்டது, வேலையும் செய்கிறது. ஆனாலும் கதவு மூடாத மட்டும் அது முடிந்த வேலையாக எனக்குப் படவில்லை.

திருகோணமலையில் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து வெட்டிக் கொடுப்பது என் தொழில். வீடு உப்புவெளியில், கடற்கரைக்கு நாலு நிமிட நடை. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. பட்டியல் எழுதக் குந்திய அன்று அது என் மூளைக்கு எட்டவில்லை.

பழைய மெஷின் 2017இல் பூட்டியது. இன்டெல் ஐ7 7700, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்ட். பழைய கமராவுக்கு அது போதும். போன வருடம் கமராவை மாற்றினேன், அதோடு சனியும் தொடங்கியது. புதுக் கமரா 4:2:2, 10 பிட்டில், அதாவது நிற விவரத்தைக் கூடுதலாக வைத்து எழுதும். நிறம் திருத்தும்போது சேலையின் அரக்குச் சிவப்பு கிழியாமல் நிற்கும், அதற்காகத்தான் வாங்கினேன். ஆனால் அந்த ஃபைலைப் பழைய மெஷினில் போட்டால் தாலி கட்டும் காட்சி நாலு ஃபிரேம் ஓடும், நிற்கும், பிறகு மாலை போடும் இடத்துக்குப் பாயும். ஒவ்வொரு கலியாணத்துக்கும் இரவிரவாகப் புரொக்சி, அதாவது வெட்டுவதற்கு மட்டும் பாவிக்கும் இலேசான பிரதி, செய்ய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைக் குரங்கால் நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு முற்பகல் என்னிடம் ஒரு எக்ஸ்போர்ட், அதாவது வெட்டி முடித்த வீடியோவை ஃபைலாக எழுதும் வேலை, எண்பது சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸின் பற்றரி செத்து ஆறு மாதம். அன்றுதான் முடிவெடுத்தேன்.

பட்டியல் எழுதும் வேலையில் மருமகன் சேர்ந்துகொண்டான். கம்பஸில் படிக்கிறான், இந்த விசயங்களில் என்னை விடக் கெட்டிக்காரன். நான் முதலில் கண் வைத்தது இன்டெல் 14900கே புரொசெசர் மேல். கொழும்பில் ஒருவர் பாவித்ததை நல்ல விலைக்கு விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். "மாமா, அந்தப் பதின்மூன்றாம், பதினாலாம் தலைமுறைக்கு வோல்ட்டேஜ் பிரச்சினை வந்தது. இன்டெல்லே ஒத்துக்கொண்டு 2024இல் திருத்தம் விட்டது. முதல் சொந்தக்காரர் திருத்தம் போடாமல் எத்தனை மாதம் ஓட்டினார் என்று யாருக்குத் தெரியும்?" என்றான். சரி, அது வெட்டுப்பட்டது.

இன்டெல் பக்கம் என்னை இழுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எச்.265 என்ற முறையில் சுருக்கிய 4:2:2 ஃபைலை விரித்துக் காட்டும் வசதி அவர்களின் சிப்புக்குள்ளேயே சில தலைமுறைகளாக இருக்கிறது. என்விடியா கார்ட்களில் அது 50ஆம் வரிசையில்தான் வந்தது, எச்.264உம் சேர்த்து. என் கமரா இரண்டையும் எழுதும். ஆகவே முதலில் முடிவானது கார்ட்: ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, 16 ஜிபி, 300 வொட். 4090 ஒன்று பழையதாகக் கிடைத்தது, பலமும் கூட. ஆனால் என்னுடைய ஃபைலுக்கு அது கை கொடுக்காது. வேகப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். கார்ட் முடிவான பிறகு புரொசெசர் எந்தக் கம்பனி என்பது பெரிய விசயமாக இருக்கவில்லை. ரைசன் 9 9950எக்ஸ், 16 கோர். வீடியோ வெட்டும் மென்பொருளான டாவின்சி ரிசொல்வின் ஸ்டூடியோப் பதிப்பை முன்பே 295 டொலருக்கு வாங்கியிருந்தேன், அந்தச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

புரொசெசரின் சூட்டை இறக்கும் கூலருக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். பம்ப் ஒரு நாள் நிற்கும், நிற்கிற நாள் கட்டாயம் முகூர்த்த மாதமாக இருக்கும், கொழும்புக்கு அனுப்பி மாற்றி எடுக்க இரண்டு கிழமை. காற்றுக் கூலரில் பழுதாகக்கூடியது ஃபேன் மட்டும், அது மூவாயிரத்துக்கும் கிடைக்கும். நொக்டுவா என்எச்-டி15 எடுத்தோம். அலுமினியத் தகடுக் கோபுரம் இரண்டு, மண்ணிற ஃபேன் இரண்டு: ஒன்று முன்னால், மற்றது கோபுரங்களுக்கு நடுவில். உயரம் 165 மில்லிமீற்றர். கேசிங்கின் பெட்டியில் 'கூலர் 170 மட்டும்' என்று போட்டிருந்தது. ஐந்து மில்லிமீற்றர் மிச்சம் என்று பேனையால் சரி போட்டேன். அந்தக் கடதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இந்த நிலையில் மொத்தம் 9,16,000 ரூபா. அதோடு நின்றிருக்கலாம். ஜூன் நடுவில் இரவு பஸ்ஸில் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்குப் போய், விடிய முகம் கழுவி, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறினோம். அங்கே போனால் கை சும்மா இருக்காது. 850 வொட் பவர் சப்ளை 1000 ஆனது. 32 ஜிபி ரேம் இரண்டு என்று எழுதியிருந்தது நாலானது. அதுவும் நிற விளக்கு எரிகிற ரேம், தலையில் கிரீடம் மாதிரிப் பெரிய தகடு. மருமகன் ஒரு முறை, "மாமா, இந்த ஏஎம்5 வகை மதர்போர்டில் நாலு போட்டால் வேகம் இறங்கும் என்று வாசித்த மாதிரி இருக்கு" என்றான். நான் 128 ஜிபி என்ற எண்ணின் அழகில் இருந்தேன்.

திரும்பும்போது மற்றவற்றை மடியிலும் காலடியிலும் வைக்கலாம், கேசிங் மட்டும் பெரிய பெட்டி, உள்ளே கண்ணாடி. கீழே சாமான் அடைக்கும் இடத்தில் போட மனம் வரவில்லை. கொன்டக்டர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இவருக்கும் டிக்கெட் எடுக்கோணும்" என்றார். எடுத்தேன். ஜன்னலோரச் சீட்டில் சாய்ந்தபடி அவர் ஊர் வந்து சேர்ந்தார்.

பூட்டியது அடுத்த நாள் பின்னேரம், முன் ஹோலில் பாய் விரித்து. பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவர் ஒன்று, நீளமான காந்த முனையுள்ளது. ஸ்குரூக்களைப் பிரித்துப் போட அம்மாவின் அஞ்சறைப் பெட்டி. புரொசெசர், எஸ்எஸ்டி, ரேம் மூன்றையும் மதர்போர்ட் வெளியில் இருக்கும்போதே போட்டோம். கூலரின் இரண்டு ஸ்குரூவையும் மாறி மாறி இரண்டிரண்டு சுற்றாக இறுக்க வேண்டும், ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மற்றப் பக்கம் போகக்கூடாது. இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. கடைசியாக முன்பக்க ஃபேனைக் கம்பிக் கொளுவியால் மாட்டப் போனேன். மாட்டுப்படவில்லை. ஃபேனின் அடி ரேமின் தலையில் நின்றது.

அந்த ஃபேனுக்குக் கீழே ரேமுக்கென்று விட்டிருக்கும் இடம் 32 மில்லிமீற்றர். என் ரேமின் உயரம் 44. ஃபேனைப் பன்னிரண்டு மில்லிமீற்றர் மேலே தூக்கி மாட்டினால் மாட்டுப்படும், தகட்டில் எந்த உயரத்திலும் கொளுவி பிடிக்கும். "தூக்கினால் சரிதானே மாமா" என்று அவனும் சொன்னான், தூக்கினோம். கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தால் ஃபேனின் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு சரிந்து நின்றது. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடா வந்தது. 165உம் 12உம் 177. கேசிங் 170. ஏழு மில்லிமீற்றர், அதாவது ஒரு பென்சிலின் தடிப்பு. கூலரின் உயரத்தைப் பார்த்தேன், கேசிங்கின் அகலத்தைப் பார்த்தேன், ரேமின் உயரத்தை யாராவது பார்ப்பார்களா என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது பட்டியலில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கதவை மூலையில் சாத்திவிட்டு சுவிட்சைப் போட்டோம். ஃபேன்கள் சுற்றின, திரை கறுப்பு. மதர்போர்டின் மூலையில் 'டிராம்', அதாவது ரேம், என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு. நாலு நிமிடம் பார்த்தேன், நிறுத்தினேன். ரேமை எல்லாம் கழற்றித் திரும்பப் போட்டேன். மறுபடியும் மஞ்சள், மறுபடியும் நிறுத்தினேன். பத்து இலட்சத்தையும் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு இருக்கும்போது வயிற்றுக்குள் ஒரு குளிர் ஓடும், அது பட்டவனுக்குத்தான் தெரியும். மூன்றாம் முறை போட்டுவிட்டு, மனம் விட்டுத் தேத்தண்ணி குடிக்கக் குசினிக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தால் திரையில் எழுத்து. டிடிஆர்5 என்ற இந்தப் புது வகை ரேம் போட்ட மெஷின் முதல் முறை ஏறும்போது தன் ரேமைத் தானே அளந்து பழகிக்கொள்ளும். நாலு ரேம் என்றால் இன்னும் நேரம் எடுக்கும். இடையில் நிறுத்தினால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். நான் இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன். புதிதாகப் பூட்டுகிறவர்கள் சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாருங்கள்.

மருமகன் வாசித்தது சரிதான். ரேமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டு 6000க்கு ஏற்றினால் மெஷின் எழும்பவே இல்லை, மதர்போர்டின் குட்டிப் பற்றரியைக் கழற்றி அந்த அமைப்பை மறக்கடிக்க வேண்டியிருந்தது. 5200இல் எழும்பியது, எக்ஸ்போர்ட் நடுவில் நீலத் திரை. கடைசியில் 3600இல் நின்றது. நாலு ரேமுக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் கணக்கும் அந்த 3600தான், இரண்டென்றால் 5600. உண்மையைச் சொன்னால் என் சாதாரண எக்ஸ்போர்ட்டில் இதனால் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. கிராபிக்ஸ் எழுத்துகள் கூடிய இடங்களில்தான் இழுத்தது. விட்டிருக்கலாம். ஆனால் கண்ணாடி மூடவில்லையே.

கதவில்லாமலே வேலை தொடங்கினேன். தலையில் ஏழு கலியாணம் காத்துக்கொண்டிருந்தது. அது கச்சான் காற்றுக் காலம். மத்தியானத்தில் மேற்கிலிருந்து சூடாக அடித்து வீட்டுக்குள் தூசைக் கொண்டுவந்து கொட்டும். பின்னேரம் கடலிலிருந்து ஈரக் காற்று, அதில் உப்பு. இரண்டும் சேர்ந்த தூசு ஊதினால் பறக்காது, விரலில் பசை மாதிரி ஒட்டும். பழைய மெஷினைக் கழற்றியபோது பின்பக்கத் தகட்டில் துருவும், கூலரின் அலுமினியத்தில் வெள்ளைப் பூப்பும் பார்த்தவன் நான். அப்படியிருந்தும் திறந்தே வைத்தேன். எட்டாம் நாள் கார்டின் முதுகில் ஒரு பல்லி. சூடு பிடித்துக்கொண்டு சொகுசாக இருந்தது. அங்கிருந்து இறங்கி மதர்போர்டில் வால் பட்டால் கதை முடிந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல திசையிலதான் இருக்குது" என்றார்.

அன்றைக்கே முன்பக்க ஃபேனைக் கழற்றினேன். நடு ஃபேன் மட்டும் இருந்தால் ரேமுக்கு 64 மில்லிமீற்றர் இடம். கண்ணாடி மூடும் என்று நினைத்துக் கொண்டுபோய் வைத்தேன், கீழ்ப்பக்கம் உட்காரவில்லை. எட்டு நாளாகச் சுவரில் சாய்ந்து நின்றதில் கொளுவி ஒன்று வளைந்துபோயிருந்தது. ஆத்திரத்தில் ஒரு மெல்லிய நைலோன் வலையை வெட்டி நாடாவால் ஒட்டினேன். பல்லி வராது, தூசும் பாதி நிற்கும். வடிவில்லை. ஒரு ஃபேனோடு சூடு நாலு பாகைதான் கூடியது, அதைக் கண்டதும் மனம் கொஞ்சம் ஆறியது.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 9950எக்ஸ் தன் இஷ்டத்துக்கு விட்டால் 230 வொட் வரை இழுக்கும், 95 பாகை வரை போய் அங்கே நிற்கும். என் அறை பின்னேரம் மூன்று மணிக்கு 33 பாகை. கூலர் எவ்வளவு நல்லதென்றாலும் 33 பாகைக் காற்றைத்தான் அதற்குக் கொடுக்கிறேன். மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயோஸில், குறைந்த கரண்டில் ஓடும் 105 வொட் ஈக்கோ நிலைக்கு மாற்றினேன், அது உண்மையில் 142க்குள் நிறுத்தும். அதே நாற்பது நிமிடக் கலியாணம் முன்பு 22 நிமிடம் 40 விநாடி, இப்போது 23 நிமிடம் 50 விநாடி. சூடு 95இலிருந்து 77. எழுபது விநாடியை நான் தாராளமாகக் கொடுப்பேன். கொழும்பில் ஏசி அறைக்குள் இருப்பவரின் அளவை எடுத்துக்கொண்டு உப்புவெளியில் பட்டியல் போட்டால் இப்படித்தான்.

மூன்றாவது கிழமை வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நின்று யூஎஸ்பி செருகப் போனேன், விரலில் சுர்ரென்றது. டெஸ்டர் வைத்தால் கேசிங் முழுக்க மங்கலாக எரிகிறது. மீற்றரில் கேசிங்குக்கும் நிலத்துக்கும் நடுவில் 108 வோல்ட். பவர் சப்ளை பழுது என்று முடிவு கட்டி, கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொழும்புக்கு அனுப்ப முகவரியும் எழுதிவிட்டேன். அனுப்ப முதல் வயரிங் செய்யும் அண்ணரைக் கூப்பிட்டது புண்ணியம். அவர் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் பழைய 5 அம்பியர் உருண்டைப் பின் பொயின்ட், அதில் அடப்டர், அடப்டரில் என் சதுரப் பின் பிளக். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நேராக வீட்டுக்குப் பின்னால் போனார். நிலத்துக்குள் போகிற ஏர்த் கம்பி கையோடு வந்தது. கீழே கவ்வி இருந்த இடத்தில் பச்சைப் பொடி மட்டும்.

"தம்பி, பத்து இலட்சத்தைக் கொண்டுவந்து வைச்சிட்டு ஏர்த் இல்லாமலோ இருக்கிறியள்?"

பவர் சப்ளையின் வாசலில் இரைச்சல் வடிகட்ட இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர் இருக்கிறது, அவை கேசிங்கில்தான் கட்டுப்பட்டிருக்கும். ஏர்த் சரியாக இருந்தால் அந்தச் சொட்டுக் கரண்ட் நிலத்துக்குப் போய்விடும். இல்லையென்றால் கேசிங் 230இன் பாதி வரையில் மிதக்கும். ஆகப் பவர் சப்ளையில் ஒரு குற்றமும் இல்லை. அண்ணர் புதுச் செப்புக் கம்பியைப் பழைய இடத்தில் அடிக்கவில்லை. அங்கே காய்ந்த மணல், கரண்டை இழுக்காது. கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாக இருக்கும் வாழைப் பாத்திக்குப் பக்கத்தில் அடித்தார். 13 அம்பியர் பொயின்ட்டும் புதிதாகப் போட்டார். கூலியோடு 14,500. மீற்றர் இப்போது 1.4 காட்டுகிறது. எட்டு வருடம் பழைய மெஷினும் இப்படித்தான் இருந்திருக்கிறது, அப்போது நான் செருப்போடு வேலை செய்திருப்பேன் போல.

பழைய யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரி போட்டு ஒப்பேற்றலாம் என்ற எண்ணமும் சரிவரவில்லை. 1000 விஏ என்று மேலே பெரிதாக எழுதியிருக்கும், கீழே சிறிய எழுத்தில் 600 வொட். சும்மா இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் மெஷினைத் தாங்கிக்கொண்டது. எக்ஸ்போர்ட் ஓடும்போது பிடுங்கினால் ஒரு கீச், உடனே இருட்டு. சுமை ஒரு பக்கம், பற்றரியில் ஓடும்போது அது கொடுக்கும் கரண்டின் படிப்படியான அலை மறுபக்கம். இந்தக் காலத்துப் பவர் சப்ளைகள் சில அந்த அலையை ஏற்காது. சுவர்க் கரண்ட் மாதிரிச் சுத்த சைன் அலை தரும் 1500 விஏ, 900 வொட் ஒன்று 96,000க்கு வாங்கினேன். ஓடும்போது பிடுங்கினேன், திரை இமைக்கவில்லை. பிளக் மீற்றரில் நான் கண்ட ஆகக் கூடிய அளவு, ஈக்கோ போட முதல், 610 வொட். ஆக 850 பவர் சப்ளையே தாராளம். 1000க்குக் கொடுத்த மேலதிக 14,000 வீண்.

ரேமை விற்பதுதான் கடைசி. நாலையும் 1,48,000க்கு வாங்கி, இரண்டு பேருக்குப் பிரித்து 1,18,000க்குக் கொடுத்தேன். ஒரு சோடி கிண்ணியாவுக்கு, மற்றது மட்டக்களப்புக்கு. பதிலுக்கு 48 ஜிபி இரண்டு, விளக்கும் இல்லை கிரீடமும் இல்லை, உயரம் 33 மில்லிமீற்றர். 98,000. எக்ஸ்போ முதல் தட்டிலேயே 6000இல் ஏறியது. முன் ஃபேன் ஒரு மில்லிமீற்றர் உயர்ந்து 166இல் நிற்கிறது. வளைந்த கொளுவியைக் குறட்டால் பிடித்து, துணி சுற்றி, மெதுவாக நிமிர்த்தினேன். மிச்சக் கதை தொடக்கத்தில் சொன்ன 'டக்'.

செலவு கேட்பீர்கள். புரொசெசர் 2,12,000. மதர்போர்ட் 1,04,000. கார்ட் 3,38,000. ரேம் 98,000. 2 டிபி எஸ்எஸ்டி 58,000. பவர் சப்ளை 62,000, கூலர் 43,000, கேசிங் 39,000. இது 9,54,000. இதற்கு மேல் யூபிஎஸ், ஏர்த், முன்னால் கூடுதலாகப் பூட்டிய இழுப்பு ஃபேன் 7,500, ரேம் விற்ற நட்டம் 30,000. மொத்தம் 11,02,000. கேசிங்கின் பஸ் டிக்கெட்டை மருமகன் கொடுத்தான்.

அந்தக் கூடுதல் ஃபேனைப் பற்றி ஒரு சொல். கேசிங்கின் முன்னால் மூன்று உள்ளே இழுக்கும், பின்னால் ஒன்று மட்டும் வெளியே தள்ளும். அதனால் காற்று இடுக்குகள் வழியாக வெளியேதான் கசியும், தூசு வடிகட்டியைத் தாண்டாமல் உள்ளே வராது. பதிலுக்கு வடிகட்டி இரண்டு கிழமைக்கொரு முறை அடைத்துக்கொள்ளும். இன்று காலை கழற்றிச் சவர்க்காரம் போட்டு அலம்பினேன், கலங்கல் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் போனது. இப்போது கிணற்றடிக் கொடியில் காய்கிறது. ஈரத்தோடு மாட்டக்கூடாது, வடிகட்டி இல்லாமல் மெஷினைப் போடவும் மாட்டேன். வெயில் இன்றைக்கு மந்தம்.